மணல்வாரி

அந்த வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து நான் செய்த முதல் காரியம், தூங்கிக்கொண்டிருந்த மகளின் கழுத்தடியில் கைவைத்துப் பார்த்ததுதான். கதகதவென்று இருந்தது. இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கண்களும் லேசாகச் சிவந்திருந்தன. சளிதான், வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தயிர்சாதம் பிசைந்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணம் நின்றுவிடும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் மதுரையிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கணவருக்குக் கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் வேலை. ரோலா மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் வீடு. அவர் வேலைக்குப் போனபிறகு நானும் இரண்டரை வயது மகளும் ஏ.சி. இரைச்சலும்தான். கப்பலில் வந்து இறங்கும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தின்று நாக்கு மரத்துப் போயிருந்தது. அப்போதுதான் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர், செய்தித்தாளில் பொதிந்து ஐந்து மாங்காய் கொடுத்தனுப்பினார். காம்பில் பால்கூடக் காயவில்லை. பாலைவனத்தைத் தாண்டி, மலையை ஒட்டி, பேரீச்சந்தோப்பு ஊர் ஒன்று இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே சந்தை கூடுமாம். முள்ளங்கியும் கீரையும் எலுமிச்சையும் தோட்டத்திலிருந்து மண்ணோடு வந்து இறங்குமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தச் சந்தையைத் தவிர வேறு நினைப்பில்லை.

கணவருக்கும் போக ஆசைதான். அவருடைய ஆசை மாங்காய்மேல் இல்லை. மூன்றாவது டெஸ்டில்தான் அவருக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊருக்குள்ளேயே ரவுண்டானா சுற்றிச் சுற்றி அவருக்கு அலுத்துவிட்டது. எனக்கோ அந்தக் கார் என்றாலே பயம். பின் இருக்கையில் உட்கார்ந்து மகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, முன்னால் போகும் ஒவ்வொரு லாரியையும் அவர் கவனித்தாரா என்று பார்த்துக்கொண்டே போவேன்.

"ஒட்டகம் குறுக்க வருங்க. மெதுவாப் போங்க" என்றேன், ஊர் எல்லை தாண்டியதும்.

"வர்றப்ப பார்த்துக்கலாம். நீ இப்பவே ஒட்டகத்தைக் கூப்பிடாத" என்றார்.

இரண்டு பக்கமும் மணல். தார்ச்சாலையின் மேலேயே மணல் நாக்கு நாக்காக ஏறிக் கிடந்தது. ஜூன் மாதத் தொடக்கம். ஏழு மணிக்கே கார்க் கண்ணாடியைத் தொட முடியவில்லை. ஒரு மணி நேரம் போனபிறகு தூரத்தில் மலையும், அதற்கு முன்னால் பச்சையாக ஒரு கோடும் தெரிந்தன. மகள் என் மடியில் சோர்ந்து படுத்திருந்தாள். வழக்கமாக அவள் கார் ஜன்னலைவிட்டு நகரவே மாட்டாள்.

சந்தை என்று சுவரோ கூரையோ எதுவும் இல்லை. வன்னிமரங்கள் ஏழெட்டு நின்ற ஒரு மணல்வெளி, அவ்வளவுதான். அந்த ஊர் வெயிலில் நம்மூர் வன்னிமரத்தைப் பார்த்ததும் எனக்குத் திடுக்கென்றது. மரநிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு. முகத்தில் நெற்றியையும் மூக்கையும் மேலுதட்டையும் மறைத்து, கருநீலத்தில் செம்புபோல மினுங்கும் முகமூடி. கண்கள் மட்டும் தெரிந்தன. அவர்கள் முன்னால் ஓலைக்கூடைகளில் எலுமிச்சை, முள்ளங்கி, பச்சை மாங்காய். ஆண்கள் தள்ளி நின்று ஆடும் கரியும் கால்நடைத் தீவனக்கட்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கார் மரத்தடியை எட்டுவதற்குப் பத்தடி இருக்கும்போது எஞ்சினுக்குள் 'சடக்' என்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கணவர் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து ஆவி எழுந்தது. ஃபேன் பெல்ட் இரண்டாக அறுந்து கிடந்தது.

மரத்தடியில் டீ போட்டுக்கொண்டிருந்த பட்டான் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். தாடியில் மருதாணிச் சிவப்பு. அறுந்த பெல்ட்டை எடுத்து ஆட்டிக் காட்டி, "கலாஸ், பாய்" என்றார், முடிந்துவிட்டது என்று. இந்த ஊரில் பெல்ட் கிடைக்குமா என்று கணவர் இந்தியில் கேட்டார். "மாஃபி", கிடையாது, என்று கையை விரித்தார் அவர். பிறகு, தர்பூசணி ஏற்றிக்கொண்டு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய பிக்கப் ஒன்றைக் கைதட்டி நிறுத்தினார்.

"நானும் வர்றேங்க."

"முன்னால ஏற்கெனவே மூணு பேர். நானே பின்னால பழத்து மேல உக்காந்துதான் போகணும். பாப்பாவை அந்த வெயில்ல எப்படிக் கொண்டுபோறது? நீ இந்த மரத்தடியிலயே இரு. எங்கயும் போயிராத. பதினொண்ணுக்குள்ள வந்துருவேன்."

"இவங்ககிட்ட நான் என்னத்தப் பேசுவேன்?"

"எதுக்குப் பேசணும்? சும்மா உக்காந்திரு."

பிக்கப் கிளம்பியது. பழங்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர் கையாட்டினார். அப்போது மணி எட்டரை.

என்னிடம் ஒரு ஃபிளாஸ்க் தண்ணீர், தயிர்சாத டப்பா, ஒரு ஜமுக்காளம், ஒரு காலிக் கூடை. மகளைப் படுக்கவைத்துவிட்டு, வந்ததற்கு வாங்கிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மாங்காயைக் காட்டினேன். அவள் விரல்களால் விலை சொன்னாள். பத்து மாங்காயை என் கூடையில் போட்டுவிட்டு, என் மகளை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று பிறகு ரொம்ப நேரம் பயந்துகொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மேல் சந்தை கலைய ஆரம்பித்தது. ஆடுகளைப் பிக்கப்பில் ஏற்றினார்கள். கூடைகள் கழுதைமேல் ஏறின. பதினொன்று ஆயிற்று. அவரைக் காணோம். டீக்காரரிடம் போய் நின்றேன். எனக்கு இந்தி ஒரு வார்த்தை வராது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவள் நான். ஷார்ஜாவுக்கு வந்தபிறகு கணவர் இரண்டே சொல் கற்றுக்கொடுத்திருந்தார்: ஆவோ என்றால் வா, ஜாவ் என்றால் போ. சாலையைக் காட்டி, கையைக் கேள்வியாக விரித்தேன்.

"ஆ ஜாயேகா, ஆ ஜாயேகா" என்றார் அவர்.

ஒரே வாக்கியத்தில் வாவும் இருக்கிறது, போவும் இருக்கிறது. வருவார் என்கிறாரா, போயே போய்விட்டார் என்கிறாரா? திரும்பவும் சாலையைக் காட்டினேன். திரும்பவும் அதையே சொன்னார், சிரித்துக்கொண்டே. போனவரைப் பற்றி இவர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு இன்னும் பயம் கூடியது. அன்று வெள்ளிக்கிழமை, தொழுகை நேரத்தில் ஷார்ஜாவில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. பிக்கப் கவிழ்ந்துவிட்டது என்றுதான் தோன்றியது. பழங்கள் சிதறிக் கிடக்கின்றன, அவற்றின் நடுவே அவருடைய வெள்ளைச் சட்டை கிடக்கிறது என்றுதான் தோன்றியது. சற்று நேரத்தில் டீக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து மகளைத் தொட்டேன். கை சுட்டது.

தண்ணீரை வாயில் ஊற்றினேன். உதட்டோரம் வழிந்தது. "பாப்பா, பாப்பா" என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்தாள். சிவந்த கண், என்னைப் பார்க்காமல் எங்கோ பார்த்தது. சேலை முந்தானையை நனைத்து நெற்றியில் போட்டேன். ஃபிளாஸ்க் அதோடு காலியானது. தண்ணீர் தீர்ந்தது என்று தெரிந்ததும் என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும். கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்த மாங்காய்க்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

எழுந்து வந்து மகளின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். ஏதோ சொன்னாள். நான் விழித்தேன். அடுத்த நொடி என் மடியிலிருந்து மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தோப்பை நோக்கி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க! ஏங்க! எங்கே கொண்டு போறீங்க?"

மாங்காய்க் கூடை, டப்பா, ஜமுக்காளம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஒரு செருப்பு மணலில் புதைந்து கழன்றுகொண்டது. அதையும் விட்டேன். மணல் காலைப் பொசுக்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி ஊரில் கேட்ட அத்தனை கதைகளும் அந்த நூறு கெஜத்துக்குள் எனக்கு ஞாபகம் வந்தன. அவள் திரும்பிப் பார்த்து, கையசைத்து, "தஆலி, தஆலி" என்றாள். வா என்கிறாள் என்பது அந்தக் கையில் தெரிந்தது. தெரிந்தும் பயம் போகவில்லை.

தோப்புக்குள் நுழைந்ததும் சட்டென்று வெயில் நின்றுவிட்டது. பேரீச்சமரங்களுக்கு நடுவே, ஒரு முழ அகலத்தில், சிமெண்ட் பூசிய வாய்க்கால். மலையிலிருந்து வரும் தண்ணீர், கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு, தன் கறுப்பு முக்காட்டின் ஓரத்தை நனைத்து மகளின் தலை, கழுத்து, அக்குள், பாதம் என்று துடைத்தாள். நனைத்து நனைத்துத் துடைத்தாள். ஐந்தாறு முறை துடைத்தபிறகு மகள் முகத்தைச் சுளித்து, 'வீல்' என்று அழுதாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அழுதேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் கையில் ஈர முக்காட்டின் நுனியைக் கொடுத்து, துடை என்று சைகை செய்தாள்.

அவள் வீடு வாய்க்காலை ஒட்டியே இருந்தது. ஓலைத் தட்டி வீடு. பாய் விரித்து மகளைப் படுக்கவைத்தாள். அதே பாயில் அவளுடைய பெண்குழந்தை, ஒரு வயது இருக்கும், தவழ்ந்து வந்து என் மகளின் வளையலைப் பிடித்து இழுத்தது. தகரக் குவளையில் உப்புப்போட்ட மோர் கொண்டுவந்தாள். என் மகள் இரண்டு மிடறு குடித்தாள். மிச்சத்தை அந்தக் குழந்தை எட்டிப் பிடித்துக் குடித்தது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தோம். ஆமாம், சிரித்தேன்.

மூன்று முறை தோப்பின் ஓரம்வரை ஓடிப்போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். கார் தனியாக நின்றது. நான்காவது முறை போவதற்குள் தூங்கிவிட்டேன். இப்படி ஒரு நாளில் எனக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

கண்ணைத் திறந்தால் வாசலில் கணவர். கையில் என் ஒற்றைச் செருப்பு. முகமெல்லாம் மணல். அவருக்குப் பின்னால் டீக்காரரும், கைத்தடியோடு ஒரு முதியவரும். முதியவர் அந்தப் பெண்ணின் மாமனார். அதுவரை கணவர் என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை. அவர் குரலில் இருந்தது கோபமில்லை என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில நிமிடங்கள் ஆயின.

ஷார்ஜாவில் எல்லாக் கடையும் பூட்டியிருந்ததாம். மெக்கானிக் ஒருவரின் ரூமைத் தேடிப்பிடித்து எழுப்பி, பெல்ட் வாங்கி, திரும்பிவர வண்டி கிடைக்காமல் அலைந்து, மூன்றரைக்கு வந்து பார்த்தால் மரத்தடியில் ஜமுக்காளம் கிடக்கிறது, டப்பா திறந்து கிடக்கிறது, சாதத்தை ஆடு தின்றுகொண்டிருக்கிறது, பெண்டாட்டி பிள்ளையைக் காணோம். அரை மணி நேரம் அவர் அந்த மணல்வெளியில் என் பெயரைக் கூவிக்கொண்டு ஓடியிருக்கிறார். பிற்பகல் தொழுகை முடிந்து வீடு திரும்பிய முதியவர், தன் வீட்டில் ஓர் இந்தியப் பெண் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் கும்பிட்டேன். அவள் என் மகளின் பாதத்தைப் பிடித்து லேசாக அமுக்கினாள்.

காரில் திரும்பினோம். மகள் மடியில் மறுபடியும் சுட ஆரம்பித்திருந்தாள். பாதி தூரம் வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"காலைலயே இவளுக்கு மேலு சுட்டுச்சுங்க. நான்தான் சொல்லல."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ராத்திரியே எனக்குத் தெரியும்" என்றார். "தொட்டுப் பார்த்தேன். சொன்னா நீ போகவேணாம்னுருவன்னு இருந்துட்டேன்."

அதற்குமேல் யாரை யார் திட்டுவது?

மறுநாள் காலை மகளின் காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிப்பொரியாக இருந்தது. மதியத்துக்குள் முகத்திலும் மார்பிலும் இறங்கிவிட்டது. மணலை வாரி இறைத்த மாதிரி. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே மணல்வாரிதான். கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா பம்பாய்க்காரர். மகளைப் பார்த்துவிட்டு, தட்டம்மை, பயப்பட வேண்டாம், கண்ணையும் மார்ச்சளியையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்: "வேறு சின்னக் குழந்தை யாராவது இவளோடு இருந்தார்களா? பத்து நாள், பதினாலு நாளில் அவர்களுக்கும் வரலாம்."

எனக்கு அந்தத் தகரக் குவளை கண்முன்னால் வந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிட்டு வந்துருவோங்க."

"என்னன்னு சொல்றது? உங்க வீட்டுக்கு நோயைக் கொண்டாந்து விட்டுட்டோம்னா? அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸு, போலீஸுன்னு போகும். விசா குடுத்த கஃபீல் மறுநாளே நம்மளக் கப்பலேத்திருவான்."

"அந்தப் பொண்ணு இல்லைன்னா நம்ம பிள்ளை என்ன ஆயிருக்கும்?"

"நான் இல்லைன்னு சொல்லல. முதல்ல இவளுக்குச் சரியாகட்டும்."

மகளுக்கு ஆறு நாளில் காய்ச்சல் விட்டது. எனக்கு விடவில்லை. சமையலறைக் காலண்டரில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. இந்நேரம் அந்தக் குழந்தைக்கு மூக்கு ஒழுகும். இந்நேரம் கண் சிவந்திருக்கும். சந்தையில் வாங்கிவந்த மாங்காய் பழுத்து, கூடையிலேயே அழுகிற்று. தொடப் பிடிக்கவில்லை. பத்தாவது நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்த வெள்ளிக்கிழமை நீங்க வரலைன்னா நான் டாக்ஸி பிடிச்சுப் போயிருவேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "டாக்ஸிக்காரன்கிட்ட என்ன பாஷைல பேசுவ?" என்றார். பிறகு, "காலைல சீக்கிரம் கிளம்பணும்" என்றார்.

மகளை எதிர்வீட்டு மலையாளி அம்மாவிடம் விட்டோம். டாக்டரம்மாவிடம் காய்ச்சல் மருந்தும் கண் மருந்தும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டாவது பயணத்தில் ஒட்டகம் குறுக்கே வந்ததா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

சந்தை அதே மாதிரி கூடியிருந்தது. வரிசையில் அவள் இல்லை. அத்தனை முகமூடிகளில் எப்படி அடையாளம் தெரியும் என்று கணவர் கேட்டார். எனக்குத் தெரிந்தது. அவள் இடத்தில் மண் காலியாக இருந்தது.

டீக்காரரையும் அழைத்துக்கொண்டு தோப்புக்குள் போனோம். வாசலில் முதியவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே, அதே பாயில் குழந்தை. முகமெல்லாம் சிவந்த பொரி. விலா எலும்பு உள்வாங்க உள்வாங்க வேகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"எங்க பிள்ளைகிட்டருந்துதான் இது வந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்க" என்றேன் கணவரிடம்.

அவர் தயங்கினார். "சொல்லித்தான் ஆகணுமா?"

"சொல்லுங்க."

நான் தமிழில் சொன்னதை அவர் இந்தியில் சொன்னார். டீக்காரர் அதை அரபியில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். முகமூடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கண்கள் மட்டும் என்மேல் இருந்தன. பிறகு ஒரு வாக்கியம் சொன்னாள். அது டீக்காரர் வழியாகக் கணவருக்கு வந்து, கணவர் வழியாக எனக்கு வந்தது.

"உன் மகளுக்குக் கண்ணு நல்லாயிருக்கான்னு கேக்குறாங்க."

நல்லாயிருக்கு என்று தலையை ஆட்டினேன்.

அந்தக் குழந்தையின் மூச்சு சரியில்லை என்பது யாருக்கும் தெரியும்படிதான் இருந்தது. குழந்தையின் அப்பா அபுதாபியில் ராணுவத்தில் இருந்தார். ஊரில் வண்டி வைத்திருந்தவர்கள் சந்தைச் சரக்கோடு போய்விட்டார்கள். நான் கணவரைப் பார்த்தேன். வாய்திறந்து கேட்கவில்லை. அவருக்கும் பயம் முகத்தில் எழுதியிருந்தது. வழியில் ஏதாவது ஆகிவிட்டால், வெளியூர்க்காரன் காரில் ஆகிவிட்டால் என்ற பயம். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு முதியவரிடம் திரும்பி, "யல்லா" என்றார், கிளம்புங்கள் என்று. அவருக்குத் தெரிந்த அரபி அதுதான்.

முதியவர் முன்னால், நானும் அந்தப் பெண்ணும் குழந்தையோடு பின்னால். கணவர் அன்று ஓட்டிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒருமுறைகூட மெதுவாகப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. குழந்தையின் மூச்சு ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி சற்றுக் கூடினாலும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். அந்த விரல் தடம் அன்று மாலைவரை இருந்தது.

வெள்ளிக்கிழமை கிளினிக் கிடையாது. டாக்டரம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் சாப்பாட்டுக் கையோடு வந்து பார்த்துவிட்டு, நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார். ஊசி போட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு ஊசி போட வேண்டும், பக்கத்திலேயே வைத்திருங்கள் என்றார். எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். முதியவரும் கணவரும் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, பேச ஒரு சொல்லும் இல்லாமல், உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து மகளை அழைத்துவந்தபோது அவள் முதியவரின் கைத்தடியை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். அவர் தடுக்கவில்லை.

உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அந்தப் பெண்ணும் இருந்தோம். அவளுக்கு முகம் கழுவத் தண்ணீரும் துண்டும் கொடுத்தேன். அவள் கதவைப் பார்த்துவிட்டு, தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முகமூடியின் முடிச்சை அவிழ்த்தாள். அதன் சாயம் ஏறி மூக்கும் கன்னமும் நீலம் பாரித்திருந்தன. அவளை நான் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரி என்றே நினைத்திருந்தேன். மகளை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்த நடை அப்படி. என் முன்னால் நின்றவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. முகம் கழுவும்போதே உதடு துடித்தது. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தனை நேரமும் அவள் அழவில்லை. என் தங்கை அழுதால் எப்படிப் பிடித்துக்கொள்வேனோ அப்படிப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணி ஊசிக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். இரண்டாம் நாள் குழந்தையின் அப்பா ராணுவ உடுப்போடு வந்து சேர்ந்தார். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் கணவர் என்னைப் பார்த்தார். பழி கேட்க வந்திருக்கிறார் என்றே இருவரும் நினைத்தோம். வந்தவர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, மூக்கோடு மூக்கை உரசினார். அவர்கள் வழக்கம் அது. கணவர் ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை குழந்தை விலா வாங்காமல் மூச்சுவிட்டது. நான் வைத்த கஞ்சியைத் துப்பியது. துப்புகிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சிரித்தார். கிளம்பும்போது அவள் முகமூடியைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் எனக்கு அந்தக் கண்களே போதுமாக இருந்தன.

வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பாய்களை மொட்டைமாடி வெயிலில் உலர்த்திவிட்டு உட்கார்ந்தபோது கணவர் கேட்டார்: "அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வருவோமா?"

"ரெண்டு வாரம் போகட்டுங்க" என்றேன். "அந்த ஊர்ல வேற பிள்ளைகளும் இருக்குமே."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் தூங்கவில்லை. போய்ப் பார்த்தபோது தோப்பில் இன்னும் மூன்று குழந்தைகளுக்கு வந்து, மூவருக்கும் குணமாகியிருந்தது. எங்களால்தானா என்று கேட்டால், ஊருக்குள் அதற்கு முந்தைய மாதமே யாருக்கோ இருந்தது என்றார் டீக்காரர். உண்மையாகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியாது. நானும் திரும்பக் கேட்கவில்லை.